சக்கரம் தடத்தை விட்டு இறங்கக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மலையில் ஜீப் ஓட்டுவதையே அடியோடு தடை செய்ய வேண்டும் என்று மூணாறு வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை உங்கள் நாளிதழில் படித்தேன். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அவர் கேட்கிற தடை எங்கள் ஊர் டிரைவர்களின் பிழைப்பைக் கெடுக்கும், மலையையும் காப்பாற்றாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பூப்பாறையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவன். போடி, கம்பம், சாந்தன்பாறை நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ஜீப் குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். மழை ஓய்ந்த மாதங்களில் சனி, ஞாயிறு பார்த்து, எஸ்டேட்டில் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்புவோம்.

இடுக்கி மலைக்கு ஜீப் பொழுதுபோக்காக வந்த வண்டி இல்லை. ஏலக்காய் மூட்டையும் உர மூட்டையும் பள்ளிப் பிள்ளைகளும் பிரசவ வலி எடுத்த பெண்களும் அதில்தான் ஏறி இறங்கினார்கள். தார் ரோடு போகாத லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, இன்றும் அதுதான் பஸ், அதுதான் ஆம்புலன்ஸ். எங்கள் குழுவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்களும் அந்தப் பழைய டிரைவர்கள்தான்.

அவர்கள் கற்றுக்கொடுத்தது மெதுவாகப் போவதை. நான்கு சக்கரமும் இழுக்கும்படி ஃபோர் வீல் போட்டு லோ கியருக்கு மாற்றினால் எங்கள் பழைய மகிந்திரா வண்டிகளில் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும். வேகம் அதே அளவுக்குக் குறையும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், வண்டி கல் கல்லாகப் பிடித்து ஏறும். இறக்கத்தில் முதல் கியரில் விட்டுவிட்டு கிளட்சில் காலே வைக்கக் கூடாது. எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். பதற்றத்தில் பிரேக்கை அழுத்தினால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு சேற்றில் வழுக்கிப் போகும். மண் பாதையில் இறங்கும் முன்பே டயரில் காற்றைக் குறைத்துவிடுவோம். டயர் சற்றுப் பரந்து உட்காரும், மண்ணைத் தோண்டாது. மோசமான இடம் வந்தால் ஒருவர் இறங்கி முன்னால் நடப்பார். "அண்ணே, லேசா இடது ஒடிங்க. போதும். அந்தக் கல்லு மேலேயே ஏத்துங்க, நடுவுல விட்டா அடியில இருக்கிற டிஃப்ரன்ஷியல் இடிக்கும்" என்று கையைக் காட்டிக்கொண்டே பின்னோக்கி நடப்பார். ஓட்டுகிறவர் அவர் கையை மட்டும் பார்க்க வேண்டும். கம்பத்து நண்பரின் மனைவி எங்களில் யாரையும்விட நிதானமாக அப்படி ஏற்றுவார். வண்டி சிக்கிக்கொண்டால் வின்ச் என்ற இழுவை உருளையின் கம்பியை மரத்தில் நேராகச் சுற்ற மாட்டோம். அகலமான பட்டையைச் சுற்றி, அதில் ஷேக்கிள் என்ற இரும்பு வளையத்தை மாட்டித்தான் இழுப்போம். கம்பியை வெறுமனே சுற்றினால் மரப்பட்டை உரிந்து, நல்ல மரம்கூடப் பட்டுப்போகும்.

போன மாதம் தமிழக-கேரள எல்லையோரத்தில் ஒரு புல்மேட்டில் நாங்கள் பார்த்தது வேறு. வெளியூரிலிருந்து வந்த வண்டிகள் பாதையை விட்டு விலகி, செங்குத்தான புல் சரிவில் நேர் மேலே ஏற முயன்றுகொண்டிருந்தன. பாதி ஏற்றத்தில் சக்கரம் சுழன்று புல்லை வேரோடு வாரி எறிந்தது. ஒருவர் தோற்றால் அடுத்தவர் பக்கத்திலேயே புதுத் தடம் போட்டார். எங்கள் பையன் ஒருவன் போய், "அண்ணே, இது ரோடு இல்லைங்க" என்று சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை. அவர்கள் போன பிறகு இறங்கிப் பார்த்தேன். முழங்கால் ஆழத்துக்குச் செம்மண் தெரிந்தது.

பழைய எஸ்டேட் பாதை மலையைச் சுற்றிச் சுற்றித்தான் போகும். ஓரத்தில் தண்ணீர் வடிய வாய்க்கால் இருக்கும், ஓடை வரும் இடத்தில் சிறு பாலம் இருக்கும். மேலிருந்து கீழே நேராகக் கிழித்த சக்கரத் தடத்துக்கு வாய்க்கால் ஏது? மழை வந்தால் தண்ணீருக்கு அதுதான் வழி. ஒரே பருவத்தில் தடம் ஓடையாகும், மண் கீழே இருக்கும் தோட்டத்துக்கும் லயத்துக்கும் வரும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அது அடைமழையால் வந்த சாவு, ஜீப்பால் வந்ததல்ல. ஆனால் அந்த இரவுக்குப் பிறகு லயத்தில் படுக்கிற யாரும் மேலே உள்ள சரிவை அலட்சியமாகப் பார்ப்பதில்லை. அந்தச் சரிவில் சக்கரத்தை ஏற்ற யாருக்கும் உரிமை கிடையாது.

அந்தப் புல்லில்தான் குறிஞ்சியும் நிற்கிறது. 2018இல் பூத்துக் காய்ந்த செடிகளின் விதையில் முளைத்தவை 2030இல்தான் பூக்கும். வாழ்நாளில் ஒரே முறை பூத்து, விதை விட்டுச் சாகிற செடி அது. இன்று நசுங்கினால் விதை வைக்காமலே போய்விடும். கோடையில் இன்னொரு ஆபத்து. பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்த புல்லுக்குள் சூடான சைலன்சரோடு வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீக்கு 20க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தவர்கள் நாம்.

ஒரு ஜீப் கவிழ்ந்தால் தடை, சில வாரத்தில் தளர்வு என்றே காலம் போகிறது. தடை வந்ததும் சூரியநெல்லியில் கொழுக்குமலை சவாரிக்குக் காத்திருக்கும் டிரைவர்தான் பட்டினி கிடக்கிறார். வெளியூர் வண்டி வேறு மலைக்குப் போய்விடுகிறது. கொழுக்குமலை தேனி மாவட்டத்து நிலம், ஆனால் வண்டி ஏறும் வழி இடுக்கியில் இருக்கிறது. இப்படிப்பட்ட மலையில் ஒரு மாநிலம் மட்டும் உத்தரவு போட்டு என்ன பயன்?

தேனி, இடுக்கி ஆட்சியர்கள் இரு மாநில வனத்துறையையும் எஸ்டேட்காரர்களையும் உள்ளூர் டிரைவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். எந்தெந்தப் பழைய பாதையில் போகலாம் என்று குறித்து, முனையில் பலகை வைக்கட்டும். வெளியூர்க் குழு எதுவானாலும் முன்னால் உள்ளூர் ஜீப் ஒன்று கூலிக்குப் போக வேண்டும். கனமழை நாட்களிலும் தீக்காலத்திலும் பாதையை மூடட்டும். கட்டணம் வசூலிக்கட்டும், அந்தப் பணத்தில் அந்தப் பாதையின் வாய்க்காலையே வெட்டட்டும். புல்மேட்டில் ஏறுகிற வண்டியைப் பறிமுதல் செய்யட்டும். எங்கள் குழுவில் யாராவது அப்படி ஏறினால் அந்த வண்டிக்கும் அதே விதி.

தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் இந்தக் கூட்டம் நடக்க வேண்டும். ஏற்கெனவே கிழிபட்ட அந்தச் சரிவில் குறுக்கே கல் அடுக்கித் தண்ணீரைத் திருப்பிவிட எங்கள் குழு ஆட்களோடும் கடப்பாரையோடும் தயாராக இருக்கிறது. வனத்துறை அனுமதி தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஏல விவசாயி ஒருவர்,
பூப்பாறை, இடுக்கி மாவட்டம்.