பிஸ்டலை மட்டும் குறை சொல்லலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ராணுவ பிஸ்டல்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படையின் ஆயுதப் பணிமனையில் பல வருடம் துப்பாக்கி பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன் நான். கட்டுரை சுவையாகத்தான் இருந்தது. ஆனால் மாடல்களை வரிசையாக நிறுத்தி மதிப்பெண் போட்டிருந்தது உறுத்தியது. 'அடிக்கடி சிக்கிக்கொள்கிறது' என்று எங்களிடம் வந்த பிஸ்டல்களில் பெரும்பாலும் பிஸ்டலில் கோளாறே இருக்காது. தோட்டாக்களை அடுக்கிப் பிடியில் செருகும் பெட்டியான மேகசினின் வாய் நசுங்கியிருக்கும், இல்லையென்றால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். வேறு மேகசினைப் போட்டால் சமர்த்தாகச் சுடும்.

ஈராக்கில் அமெரிக்கப் படையின் பெரெட்டா எம்9 பட்ட பாடும் இதேதான். அரசு கேட்ட கனமான பாஸ்பேட் பூச்சோடு செய்த மேகசின்களுக்குள் மாவு போன்ற பாலைவன மணல் ஒட்டிக்கொண்டது. தோட்டா மேலே ஏற மறுத்தது. வழவழப்பான பூச்சுள்ள மேகசின்கள் வந்ததும் நிலைமை சீரானது. பிஸ்டல் அதேதான். கட்டுரையில் எம்9-க்கு மதிப்பெண் குறைத்தவர் இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

1911-இல் பிஸ்டல் தேர்ந்தெடுக்க அமெரிக்கப் படை நடத்திய சோதனையைப் பற்றி எழுதியதும் பாதிக் கதைதான். பிரவுனிங் என்பவர் வடிவமைத்த .45 அங்குலக் குழல் பிஸ்டல் 6,000 குண்டுகளை ஒருமுறைகூடச் சிக்காமல் சுட்டது, போட்டியில் இருந்த சாவேஜ் 37 முறை தடுமாறியது, எல்லாம் சரி. ஆனால் இடையிடையே ஆறவைத்து, ஆயிரம் குண்டுக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போட்டுத்தான் சுட்டார்கள். பதுங்குகுழிச் சேற்றில் கிடப்பவனுக்கு அந்த வசதி ஏது?

தோட்டாவையும் மறந்துவிடக் கூடாது. 2017-இல் அமெரிக்கப் படைக்கு எம்17 என்ற பெயரில் தேர்வான சிக் சாவர் பிஸ்டல், சோதனையில் சாதாரண தோட்டாவோடு சுட்டபோது சிறப்புத் தோட்டாவைவிட அதிகம் தடைபட்டது. கீழே போட்டால் வெடிக்கும் குறையும் அந்தச் சோதனைகளில்தான் தெரிந்தது. விசைப் பகுதியின் உறுப்புகளை எடை குறைத்துச் சரிசெய்தார்கள். என்னைக் கேட்டால், சிக்கிக்கொள்ளும் பிஸ்டலைவிடத் தானாக வெடிக்கும் பிஸ்டலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். இடுப்பில் தொங்கும் நேரம்தானே அதன் ஆயுளில் பெரும்பகுதி!

அப்புறம் விலை. 1984-இல் அமெரிக்கப் படை நடத்திய சோதனையில் கடைசிவரை தேறியவை பெரெட்டாவும் (மேலே சொன்ன எம்9 இதுதான்) சிக் பி226-உம். பிஸ்டலுக்கான விலையில் பெரிய வித்தியாசம் இல்லை; மேகசின், உதிரிபாகம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோதுதான் பெரெட்டா வென்றது. 2017-இல் சிக் நிறுவனத்துக்கும் போட்டியிட்ட க்ளாக் நிறுவனத்துக்கும் இடையே விலையில் 10 கோடி டாலருக்கு மேல் வித்தியாசம். க்ளாக் முறையிட்டது, தள்ளுபடியானது. ஆகவே படை வாங்கியது என்பதாலேயே அதுதான் உலகத்திலேயே சிறந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. தேறியவற்றில் கட்டுப்படியானது, அவ்வளவுதான்.

இந்தத் தொடர் தொடர்வதாக அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எந்த மேகசின், எந்தத் தோட்டா, எத்தனை குண்டுக்கு ஒருமுறை ஸ்பிரிங் மாற்றினார்கள் என்பதையும் போடச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆயுதப் பணிமனைக்காரர் ஒருவர்