பக்கத்துக் கட்டில் பாட்டியின் பேத்திக்கு

எல்லோருக்கும் வணக்கம். முதுகு போய் ஆஸ்பத்திரியில் கிடந்த நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். சுவரைப் பிடிக்காமல் வாசல் வரை நடக்கிறேன். நடந்தது என்னவென்று உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்ல மனசு வரவில்லை.

பணம் திரட்டிய எங்கள் கரகாட்டச் செட்டு, ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் நின்ற தவில், நாதஸ்வர அண்ணன்மார், கஞ்சி கொண்டுவந்த தெருக்காரர்கள், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்காத கோயில் கமிட்டியார், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒருத்தியைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டில் பாட்டிக்குத் துணையிருந்த பேத்தி, காலேஜில் படிக்கிற பெண். இனி ஆட முடியுமோ முடியாதோ என்று நான் அழுததைப் பார்த்துவிட்டு, லைப்ரரியிலிருந்து ஓர் ஆங்கிலப் புத்தகம் எடுத்து வந்தாள். எனக்கு இங்கிலீஷ் வராது. பாட்டி தூங்கியதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, வாசித்ததையெல்லாம் தமிழில் கதையாகச் சொன்னாள்.

லீ சுன்ஷின் என்ற சீன பாலே கலைஞரின் வாழ்க்கை அது. 1961இல் சிங்தாவ் பக்கத்துக் கிராமத்தில், ஏழு ஆண்பிள்ளைகளில் ஆறாவதாகப் பிறந்தவர். முக்கால்வாசி நாள் காய்ந்த கிழங்குதான் சாப்பாடு. பீஜிங் நடனப் பள்ளிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வந்தவர்கள் இவரைக் கவனிக்காமல் கிளம்பிவிட்டார்கள். கடைசி நேரத்தில் வகுப்பு டீச்சர்தான் ஒருவரைத் தொட்டு நிறுத்தி, "அந்தப் பையனைப் பார்க்கலாமே?" என்றாராம். அதற்கப்புறம்தான் பீஜிங், 1979இல் அமெரிக்காவின் ஹூஸ்டன், அங்கேயே தங்கிவிடுகிறேன் என்றதற்காக 1981இல் சீனத் துணைத் தூதரகத்துக்குள் அடைபட்ட அந்த ராத்திரி, பெரிய பெரிய மேடைகள் எல்லாம். 1984இல் பெற்றோர் ஹூஸ்டனுக்கு வந்து மகன் ஆடுவதைப் பார்த்த இடத்தைச் சொன்னபோது நாங்கள் இரண்டு பேருமே அழுதோம்.

அவருக்கும் ஒரு சமயம் முதுகு போயிருக்கிறது. அந்த அத்தியாயத்தைத் தேடிப் பிடித்து முன்கூட்டியே சொன்னாள் அந்தப் பெண். "திரும்பவும் ஆடினார் அக்கா, பல வருஷம் ஆடினார்." டாக்டர் சொன்னபோது பிடிபடாத நம்பிக்கை அவள் சொன்னபோது பிடிபட்டது. சின்ன வயதில் காலில் மணல்மூட்டை கட்டிக்கொண்டு படிக்கட்டில் குதித்து ஏறிப் பழகிய மனுஷன் அவர். அதை நினைத்துக்கொண்டுதான் தினமும் பல்லைக் கடித்துக் காலைத் தூக்கினேன்.

பாட்டி டிஸ்சார்ஜ் ஆகிப் போன பிறகும் அவள் விடவில்லை. மிச்சக் கதையை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினாள். பரீட்சை நேரத்தில்கூட ஒரு நாள் தவறவில்லை. எனக்கும் அவளுக்கும் என்ன சொந்தம்? யார் பெற்ற பிள்ளையோ!

எனக்கு அந்த டீச்சர்தான் மனசில் நிற்கிறார். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் பின்வரிசையோடு நின்றுபோகிறார்கள். தை பிறந்ததும் அங்கே காசு வாங்காமல் கரகம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன், தலைமையாசிரியரிடம் பேசியாகிவிட்டது. கூச்சப்பட்டு ஒதுங்குகிற பிள்ளையைத்தான் முதலில் கூப்பிடுவேன்.

கண்ணு, பாட்டியைக் கேட்டதாகச் சொல். டாக்டர் சரி என்றால் பங்குனித் திருவிழாவுக்கு ஆடுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும். பஸ் செலவு என்னுடையது, சாப்பாடும் தங்கலும் நம் வீட்டில்தான்.