டோஃபு ரப்பர் மாதிரி இருக்கிறது என்கிறாயா, மாப்ள?

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. ஓசூரில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய், இங்கே மதுரையில் புரட்டாசியிலும் வெயில் மண்டையைப் பிளக்கிறது. உன் தங்கச்சிக்குத் திண்டுக்கல் கிளைக்கு மாற்றலாகிவிட்டது, காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறாள். அதனால் அடுப்படி இப்போது முழுக்க என் ராஜ்ஜியம். சின்னவள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்துகொண்டு, "அப்பா சமையலா, பாவம் அம்மா" என்று போனில் நக்கல் அடிக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் ஆட்டுக்கறியைக் குறைக்கச் சொன்னதும், சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் டோஃபு வாங்கினாய், குழம்பில் போட்டாய், ரப்பர் மாதிரி இருந்தது, நாய்கூடத் தொடவில்லை. அதில் டோஃபுவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை மாப்ள. பெரும்பாலான வீடுகளில் அதைப் பன்னீர் என்று நினைத்துத்தான் சமைக்கிறார்கள், கடைக்காரனும் 'சோயா பன்னீர்' என்று ஒட்டித்தான் விற்கிறான். பன்னீரில் பால்கொழுப்பு உண்டு, சும்மா வதக்கினாலே ருசிக்கும். டோஃபுவில் இருப்பதில் பெரும்பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் உள்ளே உட்கார்ந்திருக்கும்வரை நீ மேலே பூசும் எண்ணெய் மசாலா எதுவும் உள்ளே போகாது. அதைக் கறியாக நினைத்துச் சமை, உப்புக் காரம் ஏற்று, அப்புறம் சொல்.

நான் செய்வது இப்படி. கெட்டி ரகமாகப் பார்த்து வாங்குவேன். துண்டில் சுற்றி, மேலே அம்மிக்குழவியை அரைமணி நேரம் வைத்துவிடுவேன். கத்தி வேண்டாம், கையால் பிய்த்துப் போடு, சொரசொரப்பான ஓரத்தில்தான் மசாலா பிடிக்கும். அப்புறம் நன்றாக உப்புக் கரிக்கும் கொதிநீரில் ஒரு கால்மணி நேரம் ஊறட்டும். தண்ணீரை வெளியேற்றத் தண்ணீரிலேயே போடுவதா என்று கேட்பாய், ஆனால் சூடான உப்புநீர் மேல்பரப்பின் ஈரத்தை இழுத்துக்கொண்டு உப்பை உள்ளே விடுகிறது. அவசரமில்லை என்றால் முந்தின நாளே ஃப்ரீசரில் வைத்துவிடு. உள்ளே இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகும்போது துளை துளையாக வழி பண்ணிவிடும், கரைந்ததும் பிழிந்தால் தண்ணீர் வடிந்துவிடும், மெல்லும்போது கறிக்கு உள்ள நார்ப்பதமும் கொஞ்சம் வரும்.

மசாலா நம்ம ஊர்ச் சுக்கா மசாலாதான். மிளகு, சீரகம், சோம்பு, மல்லி, வரமிளகாய் எல்லாவற்றையும் வறுத்துக் கரகரப்பாகப் பொடித்துக்கொள். அதில் கொஞ்சம் எடுத்து, மஞ்சள், எலுமிச்சைச் சாறு, ஒரு ஸ்பூன் அரிசி மாவு சேர்த்து டோஃபுவில் பிசறி வை. பூண்டை இதில் சேர்க்காதே, கல்லில் கருகிக் கசக்கும். இரும்புத் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, துண்டுகளைப் பரப்பிவிட்டுக் கரண்டியைத் தூரப் போட்டுவிடு. முதலில் ஈரம் சடசடவென்று சத்தம் போடும், ஓரத்தில் நுரைக்கும், கிண்டினால் உடைந்து கல்லோடு ஒட்டிக்கொள்ளும். சத்தம் அடங்கி ஓரம் பழுப்பேறியதும் அதுவாகவே கல்லை விட்டுக் கிளம்பும், அப்போது திருப்பு. தனியாக ஒரு சட்டியில் தட்டிய சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, மிச்சப் பொடியைப் போட்டு, தண்ணீர் தெளித்து, கடைசியில் டோஃபுவைக் கொட்டிப் பிரட்டு. இறக்கும்போது இன்னொரு கை மிளகு. உதிர்த்துச் செய்தால் கனமான தோசைமேல் பரப்பிக் கறிதோசை கணக்காக ஊற்றலாம். கறிதோசையேதானா என்று கேட்டால் இல்லை. ஆனால் புரட்டாசிக்கு ஓடும்.

புரதக் கணக்கு கேட்டிருந்தாய். ஒரு நாளைக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் சொன்ன அளவு, 70 கிலோ ஆளுக்கு 58 கிராம் வருகிறது. கெட்டி டோஃபு 100 கிராமில் ஏறக்குறைய 10 முதல் 15 கிராம் புரதம் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பாக்கெட்டின் பின்பக்கம் பார். ஒரு முட்டையில் 6 கிராம்தான். கோழி நெஞ்சுக்கறியோடு போட்டிக்கு நிற்காது, ஆனால் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் சோயாவில் உண்டு. வைட்டமின் பி12 மட்டும் கிடையாது, ஆகவே முட்டை பாலை எல்லாம் ஒரேயடியாக விட்டுவிடாதே. உன் வீட்டுக்காரத் தங்கச்சி தைராய்டு மாத்திரை போடுவதாக எழுதியிருந்தாயே, சோயா அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும், எவ்வளவு நேரம் இடைவெளி விடவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்.

வீட்டிலேயே செய்யவும் செய்யலாம். கீழமாசி வீதியில் சோயாபீன் வாங்கி வந்து, ராத்திரி ஊறவைத்து அரைத்து, பழைய வேட்டித்துணியில் வடிகட்டி, பாலைப் பத்து நிமிஷமாவது நன்றாகக் கொதிக்கவிட வேண்டும் (பச்சைச் சோயா செரிக்காது, வயிற்றைப் பதம் பார்த்துவிடும், பொங்கி வழியும் வேறு, பக்கத்திலேயே நில்). எலுமிச்சை விட்டுத் திரித்தால் கொஞ்சம் உதிரியாக வரும், கடைக்காரர்கள் ஜிப்சமோ மெக்னீசியம் குளோரைடோ போடுவதால்தான் அவ்வளவு வழுவழுப்பு. சக்கையைக் கொட்டிவிடாதே, கடலைப்பருப்போடு சேர்த்து வடை தட்டலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், இவ்வளவு மெனக்கெடுவதற்கு வாங்கிவிடுவதே மேல்.

தெப்பக்குளத்தில் இப்போது தண்ணீர் கிடக்கிறது, காலையில் சுற்றி நடக்கப் போகிறேன். நம்ம பழைய கணக்கு வாத்தியாரும் வருகிறார், உன்னைத்தான் முதலில் விசாரித்தார். தீபாவளிக்கு வருவதாக இருந்தால் இப்போதே ரயிலில் டிக்கெட் போட்டுவிடு, கடைசி நேரத்தில் பஸ்காரன் கேட்கும் காசுக்கு ஒரு ஆட்டையே வாங்கிவிடலாம்.

இப்படிக்கு,
உன் மாப்ள