இன்ஜின் முன்னாலா, பின்னாலா? சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தில் டீசல் மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பின்னால் இன்ஜின் இருந்தால் வண்டி அமைதியாக ஓடும், முன்னால் இருந்தால் இரையும், கையில் காசு இருந்தால் பின் இன்ஜினையே வாங்குங்கள் என்று நாலு வரியில் முடித்துவிட்டார்கள். சத்தத்தைப் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் வாங்கிய பிறகு ஆளைப் படுத்துவது சத்தம் இல்லை, எடையும் சூடும்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லையே என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், இந்தத் தேர்வு எல்லா வண்டிக்கும் கிடையாது. ஐரோப்பாவில் ஓடும் மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை ஃபியட் டுகாட்டோ மாதிரி வேன் சேஸியில், அதாவது அடிச்சட்டத்தில், கட்டியவை. இன்ஜினும் முன்னால், இழுக்கும் சக்கரமும் முன்னால். பின் ஆக்சிலுக்கு (பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு) சக்தியைக் கடத்துகிற ஷாஃப்ட் இல்லாததால் தரை தாழ்வாக அமைகிறது, ஏறி இறங்கச் சுகம், ஆனால் பின்பக்கம் பாரம் கூடிவிட்டால் முன்சக்கரத்துக்குப் பிடிமானம் குறைந்து ஈரப் புல்வெளியில் நின்ற இடத்திலேயே சுற்றும். முன்னாலா பின்னாலா என்ற கேள்வியே வட அமெரிக்காவில் ஓடும் பஸ் அளவு வண்டிகளில்தான் வருகிறது. அங்கே பின் இன்ஜின் டீசலை ‘புஷர்’ என்பார்கள். ஃபிரைட்லைனர் அல்லது ஸ்பார்ட்டன் சேஸி, கம்மின்ஸ் இன்ஜின், அலிசன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்ற கூட்டணியைத்தான் அடிக்கடி பார்ப்பீர்கள்.

இந்தப் பஸ் அளவு முன் இன்ஜின் வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே ஒரு மேடு இருக்கும், அதற்குள் இன்ஜினின் பின்பாதி உட்கார்ந்திருக்கும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அந்த மூடியைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். சுற்றிலும் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டையும் உள்பக்க ஃபோமும் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால், நீண்ட மலை ஏற்றத்தில் போகும்போது இந்த மேட்டை ஒட்டியிருக்கும் கால் வெந்துபோகும், ஏசி போட்டாலும் பெரிதாக உதவாது. நல்ல விஷயம், இது ஒரு நாள் வேலை. புதிய பட்டையும் வெப்பத்தடுப்பு விரிப்பும் ஒட்டினால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

எடை அப்படி இல்லை. ஆறு சிலிண்டர் 6.7 லிட்டர் டீசல் இன்ஜின் சுமார் 500 கிலோ. அது முன் ஆக்சில் மேல் ஏறி உட்கார்ந்த பிறகு ஓட்டுநர், பக்கத்தில் ஒருவர், தலைக்கு மேல் கட்டில், எல்லாம் சேர்ந்தால் முன் ஆக்சிலின் அனுமதி எடையில் மிச்சம் என்ன இருக்கும்? பின் இன்ஜின் என்றால் இந்தத் தலைவலி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம், பல புஷர்களில் ஜெனரேட்டரை முன்மூக்கில் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். அதனால் விற்பவர் காட்டும் அட்டவணையை நம்பாமல், தண்ணீர்த் தொட்டியை நிரப்பி (300 லிட்டர் தொட்டி என்றால் 300 கிலோ, ஞாபகம் இருக்கட்டும்), டீசல் நிரப்பி, ஆட்களை உட்கார வைத்து, எடைமேடையில் முன் ஆக்சிலைத் தனியாகவும் பின் ஆக்சிலைத் தனியாகவும் நிறுத்துப் பாருங்கள். டயரில் எவ்வளவு காற்று வைப்பது என்பதையும் அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

பின் இன்ஜினின் உண்மையான பலவீனம் காற்றோட்டம். முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று தானாக வருகிறது, பின்னால் இருப்பதற்கு ஃபேன்தான் கதி. அதிலும் ரேடியேட்டர் வண்டியின் பின்முகத்தில் இருந்தால், சக்கரங்கள் கிளப்பும் தூசியையெல்லாம் ஃபேன் அள்ளி அதன் மேல் அடிக்கும். பழைய இன்ஜின்களில் கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதி அறை) காற்றுக்குழாயிலிருந்து வரும் எண்ணெய்ப் புகையும் அதோடு சேரும். டார்ச் அடித்து, இன்ஜின் பக்கமாகக் கையை விட்டு இன்டர்கூலரின் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) முகத்தை விரலால் ஒரு தடவை தேய்த்துப் பாருங்கள், மாவு பிசைந்த மாதிரி கருப்பாக ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த வண்டி மலை ஏற்றத்தில் சூடாகும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும்! அழுக்கு சேர்வது உள்முகத்தில், கழுவ வேண்டியதும் அங்கிருந்துதான், அதுவும் மெதுவான தண்ணீரில். பிரஷர் வாஷரை நேராகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிப் போகும். பக்கவாட்டு ரேடியேட்டர் உள்ள வண்டியில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு, பின்கதவைத் திறந்தால் இன்ஜினும் கைக்கு எட்டும். ஆனால் ஃபேனைச் சுற்ற பெரும்பாலும் ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும் வேண்டியிருப்பதால், பழுதாக இரண்டு பொருள் கூடுதல்.

இன்னொன்று, பின்னால் எண்ணெய் கசிந்தாலும் புகைந்தாலும் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு வாசனை வராது. கட்டுரை பாராட்டிய அமைதிக்கு இது விலை. இன்ஜின் அறையில் வெப்ப எச்சரிக்கையும் தானாக வேலை செய்யும் தீயணைப்பானும் இல்லாத புஷரை நான் வாங்க மாட்டேன்.

அப்புறம், வருடத்தில் சில வாரம்தான் வெளியே போவேன், மற்ற நேரம் பக்கத்தில் போய் வருவேன் என்பவர்கள் டீசலே வேண்டுமா என்று ஒருமுறை யோசிக்கலாம். அமெரிக்காவில் 2007 விதிகளோடு கரித்தூள் வடிகட்டியும், 2010 விதிகளோடு பெரும்பாலான கனரக டீசல்களில் புகையின் நச்சைக் குறைக்க யூரியாக் கரைசல் ஊற்றும் அமைப்பும் வந்துவிட்டன. இன்ஜின் முழுச் சூட்டில் நெடுநேரம் ஓடினால்தான் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும், பத்து நிமிட ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும். இன்ஜின் எந்தப் பக்கம் இருந்தாலும் இது மாறாது.

என்னைக் கேட்டால், பெரிய வண்டி, மலைப்பாதை, நாள் முழுக்க ஓட்டம் என்றால் பக்கவாட்டு ரேடியேட்டர் வைத்த பின் இன்ஜின். எக்ஸாஸ்ட் பிரேக்கும் (புகை வெளியேறும் வழியை அடைத்து வேகத்தைக் குறைப்பது) ஏர் பிரேக்கும் சேர்ந்தால் இறக்கத்தில் நிம்மதி, ஏர் டேங்கில் சேரும் தண்ணீரை வடித்துவிட மறக்கக் கூடாது, அவ்வளவுதான். சின்ன வண்டி, தன் கையாலேயே ஆயில் ஃபில்டர் மாற்றுகிறவர் என்றால் முன் இன்ஜினே போதும். பின் இன்ஜின் வண்டியைப் போல, கட்டில் மெத்தையைத் தூக்கி, அதன் அடியில் தலையை விட்டு பெல்ட்டைப் பார்க்கிற வேலை இருக்காது.

இனி மோட்டார்ஹோம் மதிப்புரை போடும்போது, இருக்கைத் தோலின் நிறத்தோடு இரண்டு ஆக்சில்களையும் நிறுத்துப் பார்த்த எடையையும் ரேடியேட்டர் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்