மாதிரிக்கும் கூலி உண்டு: கோவைத் தொழிலதிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை மாவட்டத் தொழில் நிறுவன உரிமையாளர்களுக்கும் தொழில் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

‘கிரியேட்டிவ் பிட்ச்’ என்ற தலைப்பில் வரும் அழைப்புகளைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவை பெரும்பாலும் தங்கள் அலுவலகங்களிலிருந்துதான் புறப்படுகின்றன. புதிதாகச் சந்தைக்கு வரும் பொருளுக்கு லோகோ, பாக்கெட், கடைப்பலகை எல்லாம் வேண்டும் என்றும், ஐந்தாறு டிசைன் கூடங்களை அழைத்திருப்பதாகவும், வரைந்து காட்டுவது பிடித்திருந்தால் வேலை தரப்படும் என்றும் அவற்றில் எழுதியிருக்கும். பிடிக்காவிட்டால் என்ன தரப்படும் என்று எழுதியிருக்காது. ஒன்றும் தரப்படாது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை எழுத வேண்டிய தேவை யாருக்கும் ஏற்பட்டதில்லை.

இம்மடலின் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். வேலையை ஒப்படைக்கும் முன் மாதிரி வரைந்து காட்டச் சொல்கிறீர்கள் என்றால், தேர்வானாலும் ஆகாவிட்டாலும், அந்த மாதிரிக்குக் கூலி கொடுங்கள்.

இப்போது இதை எழுத வைத்தது ஒரு மிளகாய்த்தூள் பாக்கெட். பெயரைச் சொல்ல விரும்பாத ஒரு மசாலா நிறுவனம் சென்ற ஆண்டு எங்கள் கூடத்தையும் இத்தகைய பிட்ச்சுக்கு அழைத்திருந்தது. எங்களிடம் எழுத்து வரையும் பெண் கணினி எழுத்துரு எதையும் தொடாமல், ‘மிளகாய்’ என்ற சொல்லைக் கையாலேயே வரைந்தார். ‘மி’யின் தலைமேல் வளையும் கொக்கியை மிளகாய்க் காம்பாக மாற்றி, அது காம்பாகவும் தெரிய வேண்டும், எழுத்தாகவும் வாசிக்கப்பட வேண்டும் என்று தாள் தாளாகக் கிழித்துப் போட்டார். பாக்கெட்டின் பின்புறத்தில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், சைவப் பொருளுக்கான பச்சைப் புள்ளி, நிகர எடை, தேதி அச்சடிக்க விட வேண்டிய வெற்றிடம், சீல் விழும் ஓரம் என எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கினோம். பாலக்காட்டிலும் விற்கப்போவதாக அவர்கள் சொல்லியிருந்ததால், மலையாளத்தில் ஒரு வரி வரட்டும் என்று பெயருக்குக் கீழே சிறு இடைவெளியும் விட்டுக் கொடுத்தோம். “ரொம்ப நல்லா இருக்குதுங்க, சொல்லி அனுப்பறோம்” என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

சென்ற மாதம் ஒரு மளிகைக் கடையில் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தேன். நாங்கள் பச்சையில் காட்டிய காம்பு கருஞ்சிவப்பாக மாறியிருந்தது. கொக்கியின் வளைவு அதே வளைவு; பின்புற அடுக்கும் அதே அடுக்கு. மலையாள வரிக்காக நாங்கள் விட்ட இடைவெளியும் இருந்தது, மலையாளம் இல்லாமல், வெறும் இடைவெளியாக. அது எதற்கு என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அளவெடுத்து நகலெடுத்தவர் அதையும் சேர்த்து எடுத்திருக்கிறார். தொலைபேசியில் கேட்டபோது, “இதெல்லாம் பொதுவான ஐடியாதானுங்க தம்பி” என்ற பதில் கிடைத்தது. ஐடியாவுக்கு உரிமை கோர முடியாது என்பது சரிதான். ஆனால் வரைந்த வடிவத்துக்கு உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமை கைமாற வேண்டுமானால், உரியவர் கையெழுத்திட்டு எழுத்து மூலம் தர வேண்டும். நாங்கள் எதிலும் கையெழுத்திடவில்லை. நீதிமன்றத்துக்குப் போகலாம்தான், அந்த வேலைக்கு நாங்கள் கேட்டிருந்த தொகை வழக்கறிஞர் கட்டணத்துக்குக் காணாது.

தங்கள் தொழிலிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கும்போது, எங்களிடம் மட்டும் ஏன் இந்த வழக்கம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு பவுண்டரியில், அதாவது உலோகம் வார்க்கும் பட்டறையில், பம்ப்பின் வெளிக்கூட்டை வார்க்க வேண்டுமானால் முதலில் பேட்டர்ன் என்ற மூல வடிவத்தைச் செய்தாக வேண்டும். வார்ப்புக்குக் கிலோக் கணக்கில் ஒரு விலை, பேட்டர்னுக்குத் தனி விலை. வார்த்துப் பார்த்த பின் அந்த மாடலே வேண்டாம் என்று தாங்கள் கைவிட்டாலும் பேட்டர்ன்காரருக்கு உரிய பணத்தைக் கொடுத்துவிடுகிறீர்கள். “ஐந்து பேர் பேட்டர்ன் செய்து கொண்டுவாருங்கள், பிடித்ததற்கு மட்டும் காசு தருகிறோம்” என்று இந்த ஊரில் எவரும் சொல்லத் துணிய மாட்டார்கள். டை என்ற உலோக அச்சை வெட்டுபவரிடமும் அச்சகத்தில் பிளேட் போடுபவரிடமும் தாங்கள் இதே நேர்மையோடுதான் நடந்துகொள்கிறீர்கள். மரத்திலும் இரும்பிலும் செய்த மாதிரிக்குத் தரும் கூலியைத் தாளிலும் திரையிலும் செய்த மாதிரிக்கும் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

யார் நன்றாகச் செய்வார் என்று தெரியாமல் எப்படி வேலையை ஒப்படைப்பது என்று தாங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. முன்பு செய்த வேலைகளைப் பாருங்கள். நேரில் அழைத்துப் பேசுங்கள். அவற்றுக்கெல்லாம் நாங்கள் காசு கேட்டதில்லை. அதன் பிறகும் தங்கள் பொருளுக்கே வரைந்து பார்க்க வேண்டும் என்று தோன்றினால், இரண்டு மூன்று பேரை மட்டும் தேர்ந்தெடுத்து, கூலியைச் சொல்லி வரையச் சொல்லுங்கள். ரூபாய்க் குறியீட்டுக்காக மத்திய அரசு போட்டி நடத்தியபோது கூட, வென்றவருக்கு 2.5 லட்சம் என்றும் இறுதிக்கு வரும் ஐவருக்கும் தலா 25,000 ரூபாய் என்றும் முன்கூட்டியே அறிவித்திருந்தது. 2010இல் தேர்வான குறியீட்டை வரைந்தவர் நம் தமிழ்நாட்டுக்காரரான உதயகுமார் என்பது ஊரறிந்த செய்தி. தேர்வாகாத நால்வருக்கும் பணம் உண்டு என்ற செய்திதான் கோவைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இங்கே நடக்கும் போட்டிகளில் வென்றவருக்குச் சான்றிதழும் கேடயமும் கிடைக்கும். வந்து சேரும் படைப்புகள் அனைத்தும், தோற்றவை உட்பட, நடத்தும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கும். பிறகு அதே நிறுவனங்கள் அவினாசி சாலை ஓட்டல்களில் புத்தாக்கம் பற்றிக் கருத்தரங்கு நடத்துகின்றன. இந்தியாவிலேயே முதல் மின்மோட்டாரை 1937இல் செய்த ஜி.டி. நாயுடுவின் ஊர், 1955இல் வெட் கிரைண்டர் பிறந்த ஊர் என்று மேடையில் முழங்குகிறார்கள். அந்த மேடையின் பின்னால் தொங்கும் பேனரை ஏதோ ஒரு கல்லூரி மாணவர் ‘அனுபவத்துக்காக’ இலவசமாக வரைந்து கொடுத்திருப்பார். படித்து முடித்ததும் அவர் பெங்களூருக்குப் போய்விடுகிறார். கோவையில் நல்ல டிசைனர்கள் கிடைப்பதில்லை என்று அடுத்த கருத்தரங்கில் கவலைப்படுகிறோம்.

வேலை கிடைத்துவிட்டால் மட்டும் கதை முடிந்துவிடுவதில்லை. பில் போட்டால் அதற்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யை, பணம் வந்ததோ இல்லையோ, அடுத்த மாதம் நாங்கள் கட்டியாக வேண்டும். வராத பணத்துக்குக் கைக்காசைப் போட்டு வரி கட்டுகிறோம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது; தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்றும் சொல்கிறது. அந்த வட்டியை வாய் திறந்து கேட்ட கூடம் ஒன்றைக் கூட நான் பார்த்ததில்லை. கேட்டால் அடுத்த அழைப்பு வராது.

சொல்ல வந்ததை விட்டு விலகிவிட்டேன், பொறுத்தருள வேண்டுகிறேன். பாக்கித் தொகைகளைப் பற்றிப் பிறிதொரு சமயம் பேசலாம். இன்று கேட்பது மாதிரிக்கான கூலி மட்டுமே. அது பெரிய தொகையாக இருக்க வேண்டும் என்பதில்லை. முழு வேலைக்கு ஒதுக்கியதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் போதும். அந்தத் தொகையையும், எத்தனை பேரை அழைத்திருக்கிறீர்கள் என்பதையும் அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். தேர்வாகாத வடிவங்கள் வரைந்தவருக்கே சொந்தம் என்று அதே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். நிறுவனம் நடத்துவோருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: கூலி தர வேண்டும் என்று வந்துவிட்டால், என்ன வேண்டும் என்று தாங்களே தெளிந்த பிறகுதான் கூடங்களை அழைப்பீர்கள்.

தொழில் அமைப்புகளின் நிர்வாகிகளிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உறுப்பினர்களுக்குத் தாங்கள் அனுப்பும் சுற்றறிக்கைகளில் மின்கட்டணம் பற்றியும் வங்கிக் கடன் பற்றியும் விரிவாக எழுதுகிறீர்கள். அடுத்த சுற்றறிக்கையில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். கூலியில்லாத பிட்ச்சை எங்கள் உறுப்பினர்கள் கேட்க மாட்டார்கள் என்று நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்ற முடிந்தால் இன்னும் நல்லது. அந்தக் கூட்டத்துக்கு எங்களை அழைத்தால், சிறு டிசைன் கூடங்களின் சார்பில் இரண்டு மூன்று பேர் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம். அந்த விளக்கத்துக்குக் கட்டணம் கேட்க மாட்டோம்.

தங்கள் உண்மையுள்ள,
சாயிபாபா காலனியில் சிறு டிசைன் கூடம் நடத்தும் ஒருவன்