கிளாப் விழுந்த ஃபிரேம்

அன்புள்ள அம்முவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. போனிலேயே பேசிவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், வைத்துவிட்டேன். பேச ஆரம்பித்தால் சொல்ல வந்ததை விட்டுவிட்டுப் பழைய கதைக்குப் போய்விடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சினிமாவுக்குத்தான் வருவேன் என்று நீ எழுதியதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. முப்பது வருஷம் எடிட்டிங் ரூமிலேயே கழித்தவன் உன்னை எப்படித் தடுப்பேன்? ஆனால், "ஃபிலிம் ஸ்கூலில் சேரட்டுமா, யாரிடமாவது அசிஸ்டென்ட்டாகப் போகட்டுமா?" என்று கேட்டிருக்கிறாயே, அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. சினிமாவில் நீ என்ன வேலை செய்யப் போகிறாய்?

"டைரக்‌ஷன்" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டாய். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற வேலை அது ஒன்றுதான். அடுத்த தடவை தியேட்டருக்குப் போனால், படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து வராதே. ஃபோகஸ் புல்லர், கலை இயக்குநர், உடை, ஒப்பனை, ஒலிப்பதிவு, மிக்ஸிங், கலர் கிரேடிங், வி.எஃப்.எக்ஸ்., தயாரிப்பு நிர்வாகம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். இவை ஒவ்வொன்றும் முழு வாழ்நாளுக்குப் போதுமான வேலை. ஒவ்வொன்றையும் கற்றுக்கொள்கிற இடமும் வேறு வேறு. அதனால்தான் வேலையை முதலில் முடிவு செய் என்கிறேன்.

நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். முதலில் ஒருவரிடம் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். இரண்டு வருஷம் டப்பா தூக்கினேன், லேபிள் எழுதினேன். அங்கே ஏன் வெட்டினார், இங்கே ஏன் விட்டார் என்று ஒரு நாள்கூட அவர் வாய் திறந்து சொன்னதில்லை. கேட்டால் முறைப்பார். அந்த இரண்டு வருஷத்தில் நான் கற்றது கையெழுத்தை அழகாக்கிக்கொண்டது மட்டும்தான்.

பிறகு வேறொரு எடிட்டிங் ரூம். அங்கே ரஷ், அதாவது அன்றன்று எடுத்த ஃபிலிம், வந்ததும் தனித்தனியாகப் பதிவான படத்தையும் சத்தத்தையும் ஒட்டுவது என் வேலை. ஷாட்டின் தொடக்கத்தில் அடிக்கிற கிளாப் பலகையின் கட்டை மேலிருந்து இறங்கி வருகிற ஃபிரேம்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, கட்டை முழுதாக மூடிய முதல் ஃபிரேமில் கிரீஸ் பென்சிலால் பெருக்கல் குறி போட வேண்டும். சத்தப் பட்டையைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து, 'டக்' என்று கேட்கிற இடத்தில் இன்னொரு குறி. இரண்டையும் நேராக வைத்து ஓட விட வேண்டும். ஒரு நாள் ஒரே ஒரு ஃபிரேம் தள்ளிக் குறி போட்டுவிட்டேன். வினாடிக்கு 24 ஃபிரேமில் ஒன்று! யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். சீனியர் அசிஸ்டென்ட் பார்த்தார். திட்டவில்லை. "திரும்ப ஓட்டு" என்றார். ஏழெட்டுத் தடவை ஓட்ட வைத்தார். அந்த ஷாட்டில் பேசுகிற அம்மாவின் உதடு மூடுவதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவில் ஏதோ உறுத்துகிறதே என்று நானாகச் சொல்லும் வரை விடவில்லை. என் கண் திறந்தது அன்றைக்குத்தான்.

நீ எந்த இடத்தைப் பார்த்தாலும் இதைத்தான் தேட வேண்டும். உன் தப்பை உன் கண்ணாலேயே பார்க்க வைக்கிற ஆள் அங்கே இருக்கிறாரா? அந்த ஆள் ஃபிலிம் ஸ்கூலிலும் இருக்கலாம், செட்டிலும் இருக்கலாம்.

ஸ்கூல் என்றால் இன்றைக்குப் பளபளவென்ற கட்டடமும் புத்தம் புது கேமராவும்தான் உன் கண்ணுக்கு வரும். உலகத்தின் முதல் அரசு ஃபிலிம் ஸ்கூல் 1919இல் மாஸ்கோவில் தொடங்கியபோது படம் எடுக்க ஃபிலிமே கிடைக்காத காலம். அங்கே சொல்லிக் கொடுத்த டைரக்டர் குலெஷோவின் மாணவர்கள் கேமராவில் ஃபிலிம் இல்லாமலேயே காட்சிகளை ஷாட் ஷாட்டாக நடித்துப் பழகினார்கள். பழைய படத் துண்டுகளை வெட்டி, மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். ஒரே முகத்துக்குப் பக்கத்தில் வேறு வேறு ஷாட்டை வைத்தால் அந்த முகத்தின் அர்த்தமே மாறிவிடுகிறது என்பதை அவர்கள் கண்டுபிடித்தது இப்படித்தான்.

ஆகையால் விளம்பரப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, போன வருஷ மாணவர்கள் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கிப் பார். படிப்பு முடிவதற்குள் எத்தனை படத்தில் வேலை செய்வாய், ஒரு கேமராவுக்கு எத்தனை பேர், நீ வெட்டிக் கொடுத்ததை ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாரா, எடுத்த படத்தின் உரிமை யாருக்கு என்று கூச்சப்படாமல் கேள். மூன்று வருஷத்துக்கு முன் படித்து வெளியே போனவர்கள் இரண்டு பேரிடமாவது பேசு. வேலைக்கு உத்தரவாதம் என்று எந்த இடமாவது சொன்னால் அங்கே பணம் கட்டாதே. இந்தத் தொழிலில் அந்த உத்தரவாதத்தை யாராலும் கொடுக்க முடியாது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்த டைரக்டர் ஆங் லீயே, படிப்பு முடிந்து ஆறு வருஷம் போல வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு காத்திருந்தவர். பெரிய கடன் வாங்கிப் படித்தால் அந்தக் காத்திருப்பு உன்னைத் தின்றுவிடும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன்.

இடம் கிடைக்காவிட்டாலும் மனம் உடையாதே. போலந்தின் வூட்ஜ் ஃபிலிம் ஸ்கூலில் டைரக்டர் கீஷ்லோவ்ஸ்கிக்கு மூன்றாவது முயற்சியில்தான் இடம் கிடைத்தது.

டைரக்‌ஷன்தான் என்று நீ உறுதியாக நின்றால், திரைக்கதை எழுது. ஜப்பானிய டைரக்டர் குரோசாவா பத்திரிகை விளம்பரம் பார்த்து 1936இல் உதவி இயக்குநராகச் சேர்ந்தவர். அவருடைய குரு யமமோதோ அவரைத் திரைக்கதை எழுத வைத்தார், எடிட்டிங் செய்ய வைத்தார். குரோசாவாவின் முதல் படம் வந்தது 1943இல். அந்த ஏழு வருஷம்தான் அவருடைய கல்லூரி. எல்லா அசிஸ்டென்ட்டுக்கும் அப்படி ஒரு குரு அமைவதில்லை. பெரும்பாலும் கிளாப் அடிப்பது, ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமலிருக்கக் கன்டினியூட்டி எழுதுவது, ஆர்ட்டிஸ்டை நேரத்துக்குக் கூப்பிடுவது, கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது என்றே நாள் போகும். ஒரு செட் எப்படி ஓடுகிறது என்பதை அதைவிட நன்றாக எந்த வகுப்பும் சொல்லித் தராது. ஆனால் டைரக்டர் கேமராவை ஏன் அங்கே வைத்தார் என்பதை நீயாக, அன்றைய படப்பிடிப்பு முடிந்து பேக்கப் ஆன பிறகு, தயங்காமல் போய்க் கேட்க வேண்டும். சேருவதற்கு முன்பே சம்பளத்தையும் பேசிவிடு. சும்மா வேலை வாங்குகிறவர் சொல்லிக் கொடுக்கவும் மாட்டார். என் அனுபவம் அது.

எடிட்டிங் என்றால் வீட்டிலேயே தொடங்கலாம். டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பே உனக்கு ரொம்ப நாள் போதும். அதை வைத்துக் கருவியைப் பழகிக்கொள்ளலாம், ஆனால் உன் தப்பை அது சொல்லாது. ஒளிப்பதிவும் ஒலியும் அப்படியில்லை. சாதனம் கையில் இருக்க வேண்டும், கெடுத்துக் கெடுத்துப் பழக வேண்டும். அதற்கு ஸ்கூல் நல்லது. கேமரா வாடகைக்கு விடுகிற கம்பெனியில் சேர்ந்து, லென்ஸைத் துடைத்து, சோதித்து அனுப்பி, அப்படியே கேமரா உதவியாளரானவர்களும் உண்டு. வார இறுதிப் பயிற்சி முகாம்கள் இது எனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான்.

ஒலி என்று எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. உனக்கு ஒன்பது வயது. லீவு நாளில் என்னோடு எடிட்டிங் ரூமுக்கு வந்து மூலையில் படம் வரைந்துகொண்டிருந்தாய். ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தோம். தலையை நிமிர்த்தாமலே, "அப்பா, அந்த மாமா பேசுறது இந்த ரூம் இல்லை" என்றாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அந்த ஒரு வசனம் மட்டும் டப்பிங் தியேட்டரில் எடுத்தது. அறையின் சத்தத்தை, யாரும் பேசாதபோதும் அங்கே கேட்கிற மெல்லிய இரைச்சலை, அடியில் போட நாங்கள் மறந்திருந்தோம். பெரியவர்கள் நான்கு பேர் காதில் விழாதது உன் காதில் விழுந்தது. ரெசூல் பூக்குட்டி புனே திரைப்படக் கல்லூரியில் ஒலி படித்தவர், 2009இல் ஆஸ்கர் வாங்கினார். பரிசுக்காகச் சொல்லவில்லை அம்மு. அப்படி ஒரு படிப்பு தனியாக இருக்கிறது, உனக்கு அந்தக் காது இருக்கிறது. டைரக்‌ஷனை விடு என்று நான் சொல்லவில்லை. இதையும் பக்கத்தில் வைத்துப் பார் என்கிறேன்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் எனக்காக ஒரு காரியம் செய். இரண்டே நிமிஷம், இரண்டு பேர், ஒரே அறை. உன் போனிலேயே எடு. சத்தத்தை இன்னொரு போனில் தனியாகப் பதிவு செய். யாரும் பேசாத அறையின் சத்தத்தையும் ஒரு நிமிஷம் எடுத்து வை. ஒட்டுவதற்கு முன்னால் எல்லாத் துண்டுகளையும் எனக்கு அனுப்பு, பிறகு நீ ஒட்டியதையும் அனுப்பு. எங்கே எத்தனை ஃபிரேம் தள்ளியிருக்கிறது என்று எழுதி அனுப்புகிறேன். கிளாப் பலகை இல்லாவிட்டால் ஷாட்டுக்கு முன்னால் இரண்டு கையையும் தட்டு, கேமராவுக்குத் தெரிகிற மாதிரி.

அன்புடன்,
அப்பா