சுங்கம் தவிர்த்த சோழன்

அன்பு மகள் கயல்விழிக்கு,

சோழர் பட்டங்களில் எனக்குப் பிடித்தது கங்கைகொண்டானா, கடாரங்கொண்டானா என்று போனில் கேட்டாய். இரண்டும் இல்லையம்மா. முதலாம் குலோத்துங்கனுக்கு வழங்கிய 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயர்தான்.

மற்றவர்களை நினைத்துப் பார். மதுரை கொண்ட பராந்தகன், வீரபாண்டியன் தலை கொண்ட ஆதித்த கரிகாலன். பிடித்த ஊரும் கொய்த தலையுமே அங்கே பெயராயின. குலோத்துங்கனும் போர் செய்தவன்தான். அவன் படை கலிங்கத்தை வென்றதற்கு ஒரு பரணியே இருக்கிறது. ஆனாலும் வேண்டாமென்று விட்ட வரி அவனுக்குப் பெயராக நின்றது.

சுங்கம் சின்ன வருமானம் இல்லை. திருக்குறளில் வேந்தனுக்குரிய பொருளில் ஒன்றாக 'உல்கு பொருள்' வருகிறதே, அது சுங்கம்தான். கலத்தினும் காலினும் வரும் பண்டங்களுக்கு இறை, அதாவது வரி, என்கிறார் உரையாசிரியர் பரிமேலழகர். கடல் வழியும் தரை வழியும் வரும் சரக்குக்கு வாங்குவது. காவிரிப்பூம்பட்டினத்தில் மூட்டைகளில் புலி முத்திரை பொறித்து உல்கு வாங்கியதைப் பட்டினப்பாலை பாடுகிறது. அத்தனை காலமாக வந்துகொண்டிருந்த வரவு. ஒட்டக்கூத்தர் மூவருலாவில் அவனைத் 'தவிராத சுங்கம் தவிர்த்தோன்' என்கிறார். குலோத்துங்கனின் மகன், பேரன், கொள்ளுப்பேரன் அவைகளில் பாடிய புலவர் அவர். குலோத்துங்கன் மறைந்த பிறகும் அந்தச் சொல் வாயில் இருந்திருக்கிறது, பார்.

எல்லா வரியையும் அவன் எடுத்துவிடவில்லை. நிலவரி இருந்தது, 1086-இல் நாட்டு நிலத்தை அளக்க வைத்தவனும் அவனே.

சுங்கத்தை ஏன் விட்டான்? அவன் தாய் அம்மங்கதேவி ராஜேந்திர சோழனின் மகள். தந்தையோ வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியர். 1070-இல் தாய்வழி உரிமையில் சோழ அரியணை ஏறினான். அதே ஆண்டு இலங்கையில் சோழர் வசமிருந்த பொலன்னறுவை சிங்கள அரசன் விஜயபாகுவின் கைக்குப் போயிற்று. அப்படி வந்தவனுக்குக் குடிகளும் வணிகரும் மனமுவந்து துணை நிற்பது தேவைப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம். அதற்காகச் செய்திருந்தாலும் எனக்கு அவன்மேல் மதிப்புக் குறையவில்லை. கருவூலத்துக்கு வந்ததை நிறுத்த எந்த அரசனுக்கும் எளிதில் மனம் வராது.

ஊர்களுக்கும் அந்தப் பெயர் வைத்தார்கள். தஞ்சையை ஒட்டிய நம் கரந்தைக்கே 'சுங்கந்தவிர்த்த சோழநல்லூர்' என்று ஒரு பெயர் இருந்தது. லீவுக்கு வரும்போது பிள்ளைகளைக் கரந்தைக்கு நான் கூட்டிப்போகிறேன். கங்கைகொண்டானைப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொள்வார்கள். இவனைப் பற்றி நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா